மூன்று நாள் வானம்



மழை வருமா, வராதா என்ற கேள்வியை நாம் எல்லோரும் கேட்கிறோம். துணி உலர்த்தும் இல்லத்தரசி கேட்கிறார். பள்ளிக்கூடம் உண்டா, விடுமுறையா என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். நிக்காஹ் வீட்டார் பந்தற்காரருக்கு முன்பணம் கொடுக்குமுன் கேட்கிறார்கள். பதில் எதுவானாலும் நம்மில் பெரும்பாலோர் வீட்டில் அன்றைய அடுப்பு எரிந்துவிடும். அந்தப் பதிலை நம்பியே அடுப்பு மூட்ட வேண்டிய ஊர்களும் நம் நாட்டில் உண்டு. அத்தகைய ஓர் ஊருக்கு இம்மாதம் உங்களை அழைத்துச் செல்ல விரும்புகிறேன்.

அந்த ஊர் கண்ணமங்கலம். வேலூரிலிருந்து திருவண்ணாமலை செல்லும் பேருந்தில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் இறங்கிவிடலாம். இங்கே கூட்டு ரோட்டில் சாலை பிரிகிறது; ஒன்று போளூர் வழியாகத் திருவண்ணாமலைக்கும், மற்றொன்று ஆரணிக்கும் போகிறது. காட்பாடி – விழுப்புரம் இருப்புப் பாதையில் ஊரின் பெயரால் ஒரு ரயில் நிலையமும் இருக்கிறது. மேற்கே ஜவ்வாது மலைத்தொடர் நீலக் கோடாய் நீண்டு கிடக்கிறது. அம்மலைப் பக்கமிருந்து இறங்கும் நாகநதி, கமண்டல நதியோடு கலந்து, கமண்டல நாகநதி என்னும் பெயரில் ஆரணியைக் கடந்து செய்யாற்றில் சேர்கிறது. ஆண்டின் பெரும்பகுதி அது வெறும் மணல் ஆறுதான். ஐப்பசியும் கார்த்திகையும் வந்தால்தான் அதற்கு ஆறு என்ற நினைவே வரும்.

ஆரணிப் பட்டு என்று கடைகளில் நாம் கேட்டு வாங்கும் புடவைகளில் பல, இந்த வட்டாரத்துத் தறிகளில் பிறந்தவை. ஆண்களுக்கு விலக்கப்பட்டும் பெண்களுக்கு அனுமதிக்கப்பட்டும் உள்ள பட்டு, நம் நிக்காஹ் வீடுகளில் மணமகளின் உரிமையாகவே ஆகிவிட்டது அல்லவா? எங்கள் குடும்பத்து நிக்காஹ் ஒன்றுக்காக இவ்வூரில் சொல்லி வைத்திருந்த புடவை குறித்த நாளில் வந்து சேரவில்லை. காரணம் கேட்டு வரலாம் என்று, கார்த்திகை மாதத்தில் ஒரு நாள் ஸுப்ஹு தொழுகையை முடித்துக்கொண்டு முதல் பேருந்தைப் பிடித்தேன். மனத்தில் சற்றுக் கோபமும் இருந்தது; மறைப்பானேன்?

தெருவே தறிக்கூடம்

நெசவாளர் தெருவுக்குள் நுழைந்தபோது மழை இல்லை. வானம் மட்டும் ஈயம் பூசியது போல் இருந்தது. திண்ணைகளில் நாலைந்து பேர் நின்று மேற்கு மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுருட்டிய பட்டுப் பாவு ஒன்று திண்ணையில் துணி போர்த்தி வைக்கப்பட்டிருந்தது. தெருவில் ஊன்றுவதற்கான கோல்கள் சுவரோரம் சாத்திக் கிடந்தன.

“வாங்க பாய், உட்காருங்க,” என்றார் பெரியவர். “உங்க புடவைக்குப் பாவு தயாரா இருக்கு. அதை நீட்டறதுக்கு ரெண்டு மூணு மணி நேரம் காஞ்ச வானம் வேணும். பத்து நாளா அதுதான் கிடைக்கல.”

நான் கொண்டு வந்த கோபம் அத்துடன் திண்ணையிலேயே இறங்கிவிட்டது.

வாசகர்களே! நெசவு என்றால் நம் கண்முன் தறிதான் நிற்கிறது. தறிக்கு வருமுன் பட்டு நூல் கடக்கும் வழி நமக்குத் தெரிவதில்லை. புடவையின் நீளவாட்டில் ஓடும் நூலே பாவு. குறுக்கே ஓடுவது ஊடை. சாயம் தோய்த்த நூலைப் பாவாக்கிய பின், அதைத் தெருவின் நீளத்துக்கு இழுத்துக் கட்டி, இழை இழையாகப் பிரித்து, அறுந்தவற்றை முடிந்து, கஞ்சி தெளித்து, வெயிலில் உலர்த்தித் தறியில் ஏற்ற வேண்டும். ஒரு குடும்பத்தால் மட்டும் ஆகும் வேலையன்று இது. அண்டை வீட்டார் வந்து ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொடுப்பார்கள். விடியற்காலையில் தொடங்கினால் வெயில் ஏறுமுன் முடியும். நடுவில் ஒரு தூறல் விழுந்தாலும் கஞ்சி கரைந்து, இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பாவு கெட்டுவிடும். கெட்ட பாவின் நட்டம் சிறிதன்று.

பாவு ஏறிய பின்னும் மழை விடுவதில்லை. பெரியவரின் தறி குழித்தறி. தரையில் தோண்டிய பள்ளத்தில் காலைத் தொங்கவிட்டு அமர்ந்து மிதியை மிதித்து நெய்கிறார்கள். நான்கு நாள் தொடர்ந்து பெய்தால் அந்தக் குழியின் அடியில் நீர் ஊறுகிறது. காலையில் எழுந்ததும் குவளையால் நீரை இறைத்துவிட்டு, ஈர மண்ணில் கால் வைத்தே நாள் முழுதும் நெய்ய வேண்டும். நீர் ஏறிக்கொண்டே போனால் நெசவு நின்றுவிடும். பூவேலைக்கான ஜக்கார்டு பெட்டியின் அட்டைகள் ஈரத்தில் நமுத்துப்போகும். நூலும் தளரும். நெய்த புடவைக்குத்தான் கூலி. தறி நின்ற நாளுக்குக் கூலி இல்லை. “ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை” என்று நாம் மகிழ்ந்து சொல்லும் பழமொழி, இத்தெருவில் வேறு பொருள் தருகிறது.

பெரியவர் மகனின் கைப்பேசியை என்னிடம் நீட்டினார். “அடுத்த மூணு நாளைக்கு என்ன போட்டிருக்கான்னு படிங்க பாய். எழுத்து பொடியா இருக்கு.”

படித்தேன். வட தமிழக மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் இலேசானது முதல் மிதமான மழை பெய்ய வாய்ப்பு என்று இருந்தது.

அவர் கேட்டார்: “அந்த ஓரிரு இடத்துல எங்க தெரு உண்டா, பாய்?”

எனக்குப் பதில் தெரியவில்லை. படித்தவன் என்று என்னிடம் நீட்டப்பட்ட அறிக்கையை நான் எழுத்துக் கூட்டித்தான் படித்தேன். பொருள் தெரிந்து படிக்கவில்லை. வெட்கமாக இருந்தது. ஊர் திரும்பிய பின் அவருடைய கேள்விக்காகத் தேடிப் படித்ததையே இங்கே உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

ஒரே நாள், பல வானங்கள்

இந்திய வானிலை ஆய்வுத் துறை நாடு முழுமைக்குமான வானிலை அறிக்கையை நாள்தோறும் வெளியிடுகிறது. இதற்காக நாட்டை 36 வானிலை உட்பிரிவுகளாகப் பிரித்திருக்கிறார்கள். நவம்பர் பிற்பகுதியில் அந்த அறிக்கையை வடக்கிலிருந்து தெற்காகப் படித்து வந்தால், ஒரே நாட்டில் எத்தனை வானங்கள் என்று வியப்பீர்கள். மத்தியதரைக் கடற்பக்கமிருந்து வரும் மேற்கத்திய இடையூறுகளால் காஷ்மீரத்தின் உயரிடங்களில் பனி விழுகிறது. பஞ்சாபிலும் தில்லியிலும் விடியற்காலை மூடுபனி, புகையோடு சேர்ந்து சாலையை மறைக்கிறது. இராஜஸ்தானிலும் மத்தியப் பிரதேசத்திலும் வானம் தெளிந்திருக்க, இரவுக் குளிர் ஏறுகிறது. நாட்டின் பெரும்பகுதி மழையை மறந்துவிட்ட அந்நாட்களில் தமிழகத்திற்கு மட்டும் மழைக்காலம் உச்சத்தில் நிற்கிறது.

வடகிழக்குப் பருவக்காற்று அக்டோபர் முதல் டிசம்பர் வரை வீசுகிறது. தமிழகம் ஆண்டு முழுதும் பெறும் மழையில் ஏறக்குறையப் பாதி இம்மூன்று மாதங்களில்தான் விழுகிறது. அதுவும் நாள்தோறும் அளந்து விழுவதில்லை. வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு ஒன்று உருவாகி நம்மை நோக்கி வந்தால் நான்கு நாளில் ஏரி நிரம்புகிறது. வராவிட்டால் பத்து நாள் வெயில். ஆகவே இம்மாதங்களில் தமிழகத்தின் வானத்தை முன்கூட்டிச் சொல்வதென்பது, கடலில் பிறந்த ஒரு தாழ்வு எங்கே செல்லும், எவ்வளவு விரைவாகச் செல்லும் என்று சொல்வதே ஆகும்.

இதில் புடவைக்கும் ஒரு தொடர்பு உண்டு. நம் தறிகளுக்கு வேண்டிய பட்டு நூலில் பெரும்பங்கு கருநாடகத்திலிருந்து வருகிறது. இராமநகரமும் சிட்லகட்டாவும் பட்டுக்கூட்டுச் சந்தைகளுக்குப் பெயர் பெற்றவை. ஜரிகை குஜராத்தின் சூரத்திலிருந்து வருகிறது. பட்டுப் புழுவோ ஈரத்துக்கு அஞ்சும் உயிர். மழையும் குளிரும் சேர்ந்த நாட்களில் புழுவைப் பூஞ்சண நோய் பற்றிக்கொள்ளும். வங்கக் கடலில் எழுந்த மேகம் கண்ணமங்கலத்துப் பாவை நிறுத்திவிட்டு, அப்படியே மேற்கே போய்க் கருநாடகத்துப் புழு வளர்ப்பவரையும் கவலைக்குள்ளாக்கும். மணமகளின் தோளில் கிடக்கும் ஒரு புடவைக்குள் இத்தனை ஊர்களின் வானமும் மடிந்திருக்கிறது.

மூன்று நாள் என்பது ஏன்?

வானிலைக் கணிப்பில் சென்னைக்கு நீண்ட மரபு உண்டு. நுங்கம்பாக்கத்தில் 1792ஆம் ஆண்டிலேயே வான் ஆய்வுக்கூடம் எழுந்தது. 1864இல் கல்கத்தாவைப் பெரும் புயல் ஒன்று தாக்கிற்று. 1866இலும் 1871இலும் பருவமழை பொய்த்தது. இவற்றின் பின்னணியில், நாடு முழுவதையும் ஒரே கண்ணால் பார்க்க ஒரு துறை வேண்டும் என்று 1875ஆம் ஆண்டில் இந்திய வானிலை ஆய்வுத் துறை தோற்றுவிக்கப்பட்டது. சென்னையில் உள்ள மண்டல வானிலை ஆய்வு மையம் 1945இல் அமைந்தது.

இன்று காலை 5.30 மணியளவிலும் மாலை 5.30 மணியளவிலும் கருவிகள் கட்டிய பலூன்கள் வானில் ஏறுகின்றன. உலகின் மற்ற நாடுகளிலும் அதே வேளையில் பலூன்கள் பறக்கின்றன. காற்றின் அழுத்தம், வெப்பம், ஈரம், வேகம் ஆகியவற்றை அவை சொல்லிக்கொண்டே மேலேறுகின்றன. இன்சாட் செயற்கைக்கோள்கள் மேலிருந்து மேகத்தைப் படமெடுக்கின்றன. கடலில் மிதவைகளும் கப்பல்களும், கரையில் டாப்ளர் ரேடார்களும் தம் பங்குக்குச் செய்தி அனுப்புகின்றன. இவை யாவற்றையும் பெருங்கணினிகளில் இட்டு, இன்றைய காற்று நாளை எங்கே நிற்கும் என்று இயற்பியல் விதிகளின்படி கணக்கிடுகிறார்கள்.

கணக்கு என்றால் ஒரு மாதத்துக்கும் சேர்த்தே நாள்வாரியாகச் சொல்லிவிடலாமே என்று தோன்றும். முடியாது. எட்வர்ட் லோரன்ஸ் என்ற அமெரிக்க அறிஞர் 1963இல் வெளியிட்ட ஆய்வில் இதன் காரணத்தை விளக்கினார். தொடக்க அளவில் மயிரிழை வேறுபாடு இருந்தாலும், நாட்கள் செல்லச் செல்ல அது வளர்ந்து விடையையே வேறாக்கிவிடும். வங்கக் கடலின் ஒவ்வொரு முழத்திலும் கருவி வைக்க மனிதனால் இயலாது. ஆகவே வேறுபாடு இருந்தே தீரும்.

இதனாலேயே முன்னறிவிப்புகளைக் கால அளவால் பகுத்திருக்கிறார்கள். அடுத்த 3 மணி நேரத்துக்கானது உடனடி அறிவிப்பு. 72 மணி நேரம், அதாவது மூன்று நாள் வரையிலானது குறுகிய கால முன்னறிவிப்பு. அதற்கு மேல் 10 நாள் வரை நடுத்தர காலம். பொதுவாக முதல் நாளைப் பற்றிய சொல் உறுதியானது; மூன்றாம் நாளைப் பற்றியது அதனினும் சற்றுத் தளர்ந்தது. வானிலை அறிக்கையை நாள்தோறும் புதிதாகக் கேட்க வேண்டும் என்பது இதனால்தான். திங்கட்கிழமை கேட்டதை வியாழன்வரை மனத்தில் வைத்துக்கொண்டு, “பொய் சொல்லிவிட்டார்கள்” என்று புதன்கிழமை குறை கூறுவது நியாயமன்று.

‘ஓரிரு இடங்கள்’ என்றால் என்ன?

பெரியவரின் கேள்விக்கு வருகிறேன். அறிக்கையில் வரும் சொற்கள் அலங்காரத்துக்காக எழுதப்பட்டவை அல்ல. ஒவ்வொன்றுக்கும் அளவு உண்டு. ஒரு பகுதியில் உள்ள மழை அளக்கும் நிலையங்களில் 25 விழுக்காடு வரை மழை பெற்றால் அது ‘ஓரிரு இடங்கள்’. 26 முதல் 50 விழுக்காடு வரை ‘ஒருசில இடங்கள்’. 51 முதல் 75 வரை ‘அநேக இடங்கள்’. அதற்கு மேல் ‘பெரும்பாலான இடங்கள்’. எனவே ‘ஓரிரு இடங்கள்’ என்று கண்டால், நான்கில் மூன்று பங்கு இடங்களாவது நனையாமல் தப்பும் என்று பொருள்.

மழையின் அளவுக்கும் வரையறை உண்டு. 24 மணி நேரத்தில் 15.5 மில்லிமீட்டர் வரை இலேசான மழை. 15.6 முதல் 64.4 வரை மிதமானது. 64.5 முதல் 115.5 வரை கனமழை. 115.6 முதல் 204.4 வரை மிகக் கனமழை. அதற்கும் மேல் அதிகனமழை. அந்த 24 மணி நேரம் என்பதும் நள்ளிரவுக்கு நள்ளிரவு கணக்கன்று. முந்தைய நாள் காலை 8.30 மணி முதல் அன்று காலை 8.30 மணி வரை. நிறங்களும் அப்படியே. பச்சை என்றால் அச்சமில்லை. மஞ்சள் என்றால் கவனித்திரு. ஆரஞ்சு என்றால் ஆயத்தமாயிரு. சிவப்பு என்றால் செயலில் இறங்கு.

இந்த அளவுகளைத் தெரிந்துகொண்ட பின்தான் எனக்கு ஒன்று விளங்கிற்று. வானிலை மையத்தின் கணக்கில் இலேசான மழை, தெருவில் நீட்டிய பாவுக்கு இலேசானதே அன்று. இரண்டு மில்லிமீட்டர் விழுந்தாலும் அது கெட்டது கெட்டதுதான். அதே வேளையில் தறிக்குழிக்கு அந்த இரண்டு மில்லிமீட்டர் ஒன்றும் செய்யாது. அதற்குக் கனமழைதான் பகை. ஆக, ஒரே நெசவாளர் ஒரே அறிக்கையை இரண்டு கண்ணால் படிக்க வேண்டியிருக்கிறது. நாளைத் தேர்ந்தெடுக்க மூன்று நாள் முன்னறிவிப்பு. அந்த நாளில் வேளையைத் தேர்ந்தெடுக்க மூன்று மணி நேர அறிவிப்பு. ‘ஓரிரு இடங்கள்’ என்ற நாளில் விடியற்காலை அறிவிப்பையும் பார்த்து, மேற்கு மலையையும் பார்த்து, பாவை நீட்டத் துணியலாம். ‘அநேக இடங்கள்’ என்ற நாளில் பாவை மூடிவைத்துவிட்டு வேறு வேலை பார்ப்பதே அறிவுடைமை. தட்டான் தாழப் பறந்தால் மழை என்று முன்னோர் கண்ட அனுபவத்தையும் தள்ள வேண்டியதில்லை. ஆனால் கடலில் 500 கிலோமீட்டருக்கு அப்பால் நிற்கும் தாழ்வைத் தட்டான் அறியாது.

கரையைக் கடந்த பின்னும்

இதை வெறும் பாவு, புடவை விஷயமாக மட்டும் எண்ணிவிடாதீர்கள். உயிரும் இதில் அடங்கியிருக்கிறது.

2024ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் வந்த ஃபெஞ்சல் புயலை நினைத்துப் பாருங்கள். பட்டியலுக்கு அப்பெயரைக் கொடுத்த நாடு சவூதி அரேபியா. நவம்பர் 30ஆம் தேதி இரவு அது புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. புயல் கரையைக் கடந்தது என்ற செய்தியோடு நாம் வழக்கமாக நிம்மதிப் பெருமூச்சு விட்டு உறங்கப் போகிறோம். அந்தப் புயலோ கரையேறிய பின் பல மணி நேரம் புதுச்சேரி அருகிலேயே நகராமல் நின்றது. அங்கே 24 மணி நேரத்தில் 48 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டிற்று. பின் வலுக்குறைந்து மெல்ல உள்நாட்டுக்குள் நகர்ந்தது. டிசம்பர் 1ஆம் தேதி மாலையில் திருவண்ணாமலை மலைச்சரிவில் மண்ணும் பாறையும் சரிந்து ஒரு வீட்டை மூடின. ஐந்து குழந்தைகள் உட்பட ஏழு பேர் மாண்டனர். டிசம்பர் 2ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில், கடலிலிருந்து வெகுதொலைவிலுள்ள ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு ஒன்றரை இலட்சம் கன அடிக்கும் மேல் நீர் திறக்கப்பட்டுத் தென்பெண்ணைக் கரையூர்கள் மூழ்கின. அதே புயலின் எச்சம் மேற்கே சென்று டிசம்பர் 3ஆம் தேதி அரபிக் கடலை அடைந்தது.

கண்ணமங்கலமும் திருவண்ணாமலை மாவட்டத்து ஊர்தான். கடற்கரையிலிருந்து ஏறத்தாழ 120 கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. கடல் எங்கோ இருக்கிறது, புயல் கரையோரத்தார் கவலை என்று உள்நாட்டு ஊரார் இருந்துவிட முடியாது என்பதை அந்த மூன்று நாட்கள் கற்பித்தன.

அதற்கு மூன்றாண்டு முன்பு, 2021 நவம்பர் 19ஆம் தேதி அதிகாலையில், வங்கக் கடலில் உருவான தாழ்வு மண்டலம் சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. அன்று காலை வேலூர் மாவட்டம் பேரணாம்பட்டில் வீட்டுச் சுவர் இடிந்து விழுந்து, குழந்தைகள் உட்பட ஒன்பது பேர் இறந்தனர். நாள்கணக்கில் நனைந்த பழைய சுவர், மழை நின்ற பிறகும் விழக்கூடும். வீட்டுப் பெரியவர்கள் இதை மனத்தில் இருத்த வேண்டும். ஆரஞ்சு நிறத்தையோ சிவப்பு நிறத்தையோ காணும்போது, குழந்தைகளைப் பழஞ்சுவர் ஓரத்திலிருந்து வேறிடத்தில் படுக்கவைப்பதற்குச் செலவு ஒன்றுமில்லை.

மறைவானதை அறிவதாகுமா?

நம் வீடுகளில் சிலர் ஐயம் எழுப்புவதுண்டு. மழையை இறக்குபவன் அல்லாஹ். அதன் அறிவு அவனிடமே இருக்கிறது என்று திருமறை கூறியிருக்க, நாளை மழை என்று மனிதன் சொல்லலாமா என்பார்கள்.

பொறுமையாகச் சிந்திப்போம். வானிலை அறிக்கை எதுவும் மழை பெய்யும் என்று ஆணையிடுவதில்லை. பெய்ய வாய்ப்பு என்றே கூறுகிறது. படைத்தவன் காற்றிலும் மேகத்திலும் வைத்துள்ள அடையாளங்களைப் பார்த்துக் கணிப்பதே அவர்கள் தொழில். மழைக்கு முன் காற்றை நற்செய்தியாக அனுப்புவதாக இறைவனே திருமறையில் பல இடங்களில் எடுத்துரைக்கிறான். செய்தி அனுப்பப்பட்டிருக்க, அதைப் படிக்காமலிருப்பதா பக்தி? கணிப்பு தவறும்போது வானிலையாளர் தலை குனிகிறார். முடிவு தன் கையில் இல்லை என்பதை அவரைக் காட்டிலும் அறிந்தவர் யார்?

கருமேகம் திரண்டால் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் திருமுகம் கவலையால் மாறிவிடும் என்றும், மழை பொழிந்த பின்பே அது நீங்கும் என்றும் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். மேகத்தை மழை தரும் மேகமென்றே எண்ணி ஏமாந்த ஆது கூட்டத்தாரின் கதி அவர்களின் நினைவில் இருந்தது. மழை பெய்த ஒரு ஜும்ஆ நாளில், மக்கள் தத்தம் இருப்பிடங்களிலேயே தொழுதுகொள்ளட்டும் என்று பாங்கில் அறிவிக்குமாறு இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் முஅத்தினைப் பணித்ததும், அது நாயகம் (ஸல்) அவர்களின் வழிமுறையே என்று விளக்கியதும் நம் நூல்களில் பதிவாகியுள்ளன. மக்கள் சேற்றில் அல்லலுறக் கூடாது என்பதற்காகப் பாங்கிலேயே மழை அறிவிப்பைச் சேர்த்த சமுதாயம் நாம். ஒட்டகத்தைக் கட்டச் சொன்ன அறிவுரையும் நம் பிள்ளைகளுக்குக் கூடத் தெரிந்ததே. மூன்று நாள் முன்னறிவிப்பைப் படிப்பது அந்தக் கயிற்றைக் கையில் எடுப்பது போன்றதுதான்.

நாம் செய்யக்கூடியவை

நம் பள்ளிவாசல்களின் முகப்பில் தொழுகை நேர அட்டவணை தொங்குகிறது. அதன் அருகில் ஒரு கரும்பலகை மாட்டுவது ஜமாஅத்துக்குப் பெருஞ்செலவன்று. வானிலை மையத்தின் இணையதளத்திலும் ‘மௌசம்’ செயலியிலும் மாவட்டவாரியான முன்னறிவிப்பு இலவசமாகவே கிடைக்கிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை, நாள்தோறும் அடுத்த மூன்று நாளுக்குரிய செய்தியையும் அதன் நிறத்தையும், வெளியிட்ட நேரத்தோடு ஓர் இளைஞர் எழுதிவைக்கலாம். சிவப்பு நிறம் வந்தால் மோதினார் ஒலிபெருக்கியில் தெரிவிக்கலாம். கேட்பவர் முஸ்லிமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. மழை வீடு பார்த்துப் பெய்வதில்லை. எழுத்துப் பொடியாய்த் தெரியும் முதியவருக்கு, அண்டை வீட்டார் எவராயினும், அச்செய்தியைப் பொருளுடன் சொல்வது ஓர் அமானிதம். கேட்ட செய்தியைக் கூட்டாமலும் குறைக்காமலும் சொல்வது அதன் நிபந்தனை. யாரோ எப்போதோ அனுப்பிய பழைய புயல் படத்தைக் கைப்பேசியில் பரப்பி ஊரை நடுங்க வைப்பது அமானித மோசடி.

மற்றொன்று, நிக்காஹ் வீட்டாருக்கு. ஐப்பசி, கார்த்திகையில் நிக்காஹ் என்றால் புடவைக்கு ஆவணியிலேயே சொல்லிவிடுங்கள். மழை நாட்களைக் கணக்கில் சேர்த்து நாள் குறியுங்கள். வானம் செய்த தாமதத்துக்கு நெசவாளரின் கூலியில் கை வைக்காதீர்கள். உழைத்தவருக்குரியதைத் தாமதமின்றிக் கொடுக்க வேண்டும் என்பதில் நாயகம் (ஸல்) அவர்கள் காட்டிய கண்டிப்பு நாம் அறியாததன்று. தறிக்குழியில் நீர் நின்ற நாட்களில் அவ்வீட்டில் உலை எப்படிக் கொதித்தது என்று நாம் கேட்டதுண்டா? நான் கேட்டதில்லை. காரணம் கேட்கப் போனவன் அன்று காரணத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

ஊர் திரும்பியதும் படித்தறிந்ததைப் பெரியவரிடம் தொலைபேசியில் சொன்னேன். ‘ஓரிரு இடங்கள்’ என்றால் நான்கில் ஒரு பங்குக்குள் என்று விளக்கினேன். மறுமுனையில் சிறிது நேரம் பேச்சில்லை.

“அப்படின்னா மூணு பங்கு நம்ம பக்கம் இருக்கு,” என்றார். “நாளைக்கு விடியறப்ப மலையையும் பாத்துட்டு நீட்டிப் பாக்கறோம் பாய்.”

மறுநாள் காலை பத்து மணிக்கு அழைப்பு வந்தது. பாவு காய்ந்து சுருட்டியாகிவிட்டது என்றார். பிற்பகலில் ஒரு பாட்டம் மழை பெய்ததாம். அதற்குள் பாவு தறியேறிவிட்டது. புடவை நிக்காஹுக்கு இரண்டு நாள் முன்பு எங்கள் வீடு வந்து சேர்ந்தது. அல்ஹம்துலில்லாஹ்!

அன்று பெய்யாதிருந்த இரண்டு மூன்று மணி நேரம் இறைவன் தந்தது. அதைத் தவறவிடாமல் பற்றிக்கொள்ள ஓர் அறிக்கை உதவிற்று. அதைப் பொருள் தெரிந்து படிக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. உங்கள் தெருவில் அந்த ஆளாக நீங்கள் இருங்கள். எல்லாம் வல்ல அல்லாஹ் நம் மண்ணுக்கு வேண்டிய மழையை வேண்டிய அளவில் அருள்வானாக! அம்மழையில் எவருடைய கூரையும் இடியாமல், எவருடைய தறியும் நெடுநாள் நிற்காமல் காப்பானாக! ஆமீன்.